நம்மள எதுக்குக் கேக்கணும்?

திருநாவுக்கரசரைப் பச்சோந்தி என்று யாராவது திட்டினால் நான் சண்டைக்குப் போவேன். அவர் மேல் பிரியம் எதுவும் கிடையாது. அவருக்கு ஒருமுறைகூட நான் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் அந்த ஒற்றை வார்த்தை, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பழியை ஒரே ஆள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, நம்மை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க அனுமதிக்கிறது. அதுதான் எரிச்சல்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்று ஒரு கட்சி இருந்ததே தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் தோன்றி 2002இல் பா.ஜ.க.வுக்குள் கரைந்துபோன கட்சி. மொத்த ஆயுள் ஒரு பொறியியல் பட்டப்படிப்பும் இரண்டு அரியரும் முடிக்கிற காலம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கட்சி ஏழு வருஷம் இரண்டு அடுப்பு எரிய வைத்தது.

முதலில் ஆள். சு. திருநாவுக்கரசு (‘அர்’ விகுதி பின்னால் வந்தது), அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். 1977இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக ஆட்சியைப் பிடித்தபோது அறந்தாங்கியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். முப்பது வயது ஆவதற்குள் துணை சபாநாயகர். பிறகு எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சர். 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று ஒரே தொகுதியில் தொடர்ந்து ஆறு வெற்றி. இந்த ஆறில் எல்லாமே இரட்டை இலை இல்லை என்பதுதான் விஷயம். 1989இல் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து இலை முடக்கப்பட்டிருந்தது. இவர் ஜெயலலிதா பக்கம். சின்னம் சேவல். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஜெயலலிதாவோடு முறிந்து வெளியே வந்தார். 1991 தேர்தலில் டி. ராஜேந்தரின் தாயக மறுமலர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நின்றார். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அனுதாப அலை அது. தி.மு.க.வே இரண்டு இடங்களுக்குச் சுருங்கிப்போன தேர்தல். அதிலும் அறந்தாங்கி இவரை அனுப்பி வைத்தது. 1996இல் காற்று நேர் எதிராக அடித்தது. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அ.தி.மு.க.வுக்கு மொத்தம் நான்கே எம்.எல்.ஏ.க்கள். அந்த நான்கில் ஒருவர், மறுபடி தாய்க் கழகத்துக்குத் திரும்பியிருந்த இவர்.

அதாவது இரண்டு சுனாமி, எதிரெதிர் திசையில். இரண்டிலும் நனையாத ஊர் அறந்தாங்கி.

இதற்கு வெளியூர்க்காரர்கள் உடனே சாதி என்று பதில் சொல்வார்கள். சாதி இல்லாமல் இல்லை. ஆனால் அறந்தாங்கித் தொகுதியை ஒருமுறை சுற்றி வந்தவர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள். கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரையோரம் முஸ்லிம் ஊர்கள், மீனவர் ஊர்கள். உள்ளே ஆவுடையார்கோவில் பக்கம் கண்மாய்ப் பாசனம், மழை பார்த்து விவசாயம். இன்னொரு பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி பேப்பரில் வரும், தண்ணீர் வராது. (சமஸ்தானத்து ஊர் என்று எங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள், அது தப்பு. தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டையில் அறந்தாங்கி கிடையாது. நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் ஒட்ட வைத்தார்கள்.) இப்படிப்பட்ட கலவையான தொகுதியில் ஒரு சாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு தடவை ஜெயிக்க முடியாது. கடைமடைக்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. வாய்க்காலை நம்ப மாட்டான், மடை திறக்கிற ஆளை நம்புவான். கட்சி என்பது வாய்க்கால். ஆள்தான் முக்கியம். அந்த ஆள் நம்ம ஆளா, நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு வந்தாரா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா, அவ்வளவுதான்.

என் சித்தப்பா அந்தப் புத்தியின் முழு உருவம்.

சித்தப்பாவும் அப்பாவும் ஒரே நாளில் எம்.ஜி.ஆர். மன்றத்தில் சேர்ந்தவர்கள். 1996 தோல்விக்குப் பிறகு திருநாவுக்கரசு மறுபடி ஜெயலலிதாவிடமிருந்து பிரிந்து எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது சித்தப்பா அவர் பின்னால் போனார். அப்பா இலையிலேயே இருந்தார். “கட்சிங்கிறது இலைடா” என்பது அப்பா. “இலை அந்தம்மா வீட்டு மரத்துல முளைச்சதா?” என்பது சித்தப்பா. பேச்சு முற்றி ஒரு பொங்கலன்று சித்தப்பா தனி அடுப்பு வைத்தார். அடுத்த வருஷம் அக்கா கல்யாணம். பந்தலுக்கு வெளியே கரை வேட்டியோடு வந்து நின்றுவிட்டு, மொய்யை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பத்து வயது. கவரின் மேல் பெயர் எழுதியிருக்கவில்லை.

கட்சிப் பிளவு என்றால் எனக்கு இன்றும் அந்தக் கவர்தான்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். என் தொழிலில் ‘ஃபோர்க்’ என்று ஒன்று உண்டு. ஒரு திறந்தநிலை மென்பொருளை நிறையப் பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில் கருத்து வேறுபாடு வரும். ஒரு குழு மொத்த நிரலையும் நகலெடுத்துத் தனியாக எழுத ஆரம்பிக்கும். இதில் கேவலம் எதுவும் இல்லை. பல நல்ல மென்பொருட்கள் இப்படிப் பிறந்தவைதான். ஆனால் ஃபோர்க் செய்கிறவரிடம் உலகம் கேட்கும் கேள்வி ஒன்றே: நீ எதை வேறு மாதிரி செய்யப் போகிறாய்? அதற்குப் பதில் இல்லாமல், பழைய நிரலில் நிர்வாகி பெயரை மட்டும் மாற்றி வைத்தால் இரண்டு மாதத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பிளவுகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 1961இல் ஈ.வெ.கி. சம்பத் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். அவரிடம் பதில் இருந்தது. திராவிட நாடு நடக்காது என்றார். கட்சி 1964இல் காங்கிரசில் கரைந்தது. ஆனால் அவர் சொன்னதை 1963லேயே தி.மு.க. ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தோற்ற கட்சி, தோற்காத வாதம். எம்.ஜி.ஆர். 1972இல் கணக்குக் கேட்டுப் பிரிந்தார். அது கொள்கையோ இல்லையோ, ஒரு தொண்டன் கேட்கக்கூடிய கேள்வி. அடுத்த தலைமுறைப் பிளவுகளில் அந்தக் கேள்வியும் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் எஸ்.டி. சோமசுந்தரம் எம்.ஜி.ஆரிடமிருந்து பிரிந்து நமது கழகம் நடத்தினார், சில வருஷத்தில் திரும்பினார். மூப்பனார் 1996இல் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கி 39 எம்.எல்.ஏ., 20 எம்.பி. என்று பிரமாண்டமாக ஜெயித்தார். அவர் மறைந்த அடுத்த வருஷமே, 2002இல், கட்சி காங்கிரசோடு இணைந்தது. 2014இல் வாசன் அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தார். வாழப்பாடி ராமமூர்த்தியின் தமிழக ராஜீவ் காங்கிரஸ் 1998இல் ஒரு எம்.பி.யை வைத்துக்கொண்டு ஒரு மத்திய அமைச்சரைப் பெற்றது, 1999இல் தோற்றது, அத்தோடு சரி.

எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வை இந்த வரிசையில் கடைசியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு சின்ன அதிசயம் நடந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

1999 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி தி.மு.க., பா.ஜ.க. இருந்த தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்தது. வாழ்நாள் முழுக்க உதயசூரியனை எதிர்த்த சித்தப்பா, தி.மு.க.காரர்களோடு ஒரே ஜீப்பில் ஏறினார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். திருநாவுக்கரசு புதுக்கோட்டை எம்.பி. ஆனார். கட்சியின் ஒரே எம்.பி. இது அதிசயமில்லை. அந்த மாவட்டத்தில் அவர் நின்றால் ஜெயிப்பார் என்பது பழைய செய்தி. அதிசயம் 2001இல் நடந்தது. சட்டமன்றத் தேர்தல். ஜெயலலிதா பெரும் பலத்தோடு திரும்பினார், தி.மு.க. கூட்டணி அடி வாங்கியது. அறந்தாங்கியில் திருநாவுக்கரசு வேட்பாளர் இல்லை. அவர் கட்சியின் சார்பில் பி. அரசன் நின்றார். ஜெயித்தார்!

புரிகிறதா? இருபத்து நாலு வருஷமாக ஒரு முகத்துக்கு ஓட்டுப் போட்ட தொகுதி, முதல் தடவையாக அந்த முகம் இல்லாமல், அலைக்கு எதிராக, அந்தக் கட்சிக்குப் போட்டது. ஒரு மாவட்டக் கட்சி உண்மையிலேயே கட்சியாக மாறுகிற நிமிஷம் இதுதான். ஆளிடமிருந்து அமைப்புக்கு ஓட்டு கை மாறிவிட்டது. சித்தப்பா அந்த ராத்திரி எங்கள் வீட்டு வாசலில்தான் வெடி போட்டார். அப்பா கதவைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் கட்சி பா.ஜ.க.வில் இணைந்தது.

அதன் பிறகான பாதையை எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள், நானும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வாஜ்பாய் அரசில் இணை அமைச்சர். பிறகு மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினர். 2009இல் தாமரையில் ராமநாதபுரத்தில் நின்று தோல்வி. அதே வருஷம் காங்கிரஸ். 2011 அறந்தாங்கியில் கை சின்னத்தில் தோல்வி, 2014 ராமநாதபுரத்தில் தோல்வி. 2016 முதல் 2019 வரை தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 2019இல் திருச்சி எம்.பி. 2024இல் அந்தத் தொகுதி கூட்டணியில் ம.தி.மு.க.வுக்குப் போனது. அவர் காங்கிரஸ் தலைவராக இருந்த காலத்தில் அவரைப் பற்றி வந்த மீம்களை அப்பா சேர்த்து வைத்திருந்தார். (தேவாரம் பாடிய திருநாவுக்கரசரும் சமணத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்தான் என்று எங்கள் தமிழய்யா கண்ணடிப்பார். அவர் திரும்பியது சூலை நோயால் என்பதையும் சேர்த்துக்கொள்வார்.)

சரி, சிரித்தாயிற்று. இப்போது சட்டத்தைப் பாருங்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் அது பிளவு, குற்றமில்லை என்று அதில் இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இணைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதித்தால் போதும். உறுப்பினர்கள் என்றால் யார்? எம்.எல்.ஏ., எம்.பி. மட்டும். ஒரே எம்.பி. உள்ள கட்சியில் மூன்றில் இரண்டு எவ்வளவு என்று கணக்குப் போட எட்டாம் வகுப்பு போதும். ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று தலையாட்டினால் நாடாளுமன்றத்தில் இணைப்பு முடிந்தது. பிளவு வந்தால் சின்னம் யாருக்கு என்று தேர்தல் ஆணையம் 1968 சின்னங்கள் ஆணைப்படி விசாரிக்கும். அங்கேயாவது கட்சி அமைப்பில் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்கிறார்கள். அதுவும் பொதுக்குழுவோடு நிற்கும். ஊரில் கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஊருக்கு வந்த ஒரு தீபாவளியில் சித்தப்பாவிடம் கேட்டேன். “பா.ஜ.க.வுல சேர்றதுக்கு முன்னாடி உங்க கிளையில கூட்டம் போட்டீங்களா சித்தப்பா? ஓட்டு எடுத்தீங்களா?”

வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் ஏதோ புத்தி பேதலித்துப் பேசுகிற மாதிரி.

“நம்மள எதுக்குடா கேக்கணும்?”

கோபமில்லை, வருத்தமில்லை, கிண்டல்கூட இல்லை. நிஜமாகவே அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. அண்ணனோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்து, நெல் விற்ற பணத்தில் தட்டி கட்டி, சூரியன்காரனோடு ஜீப்பில் ஏறி வளர்த்த ஒரு கட்சியை மூடுவதற்குத் தன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பிரியும்போது யாரும் கேட்டார்களா, சேரும்போது கேட்பதற்கு?

அதனால்தான் பச்சோந்தி என்கிற வார்த்தை பிடிக்கவில்லை. பச்சோந்தி கிளைக்குக் கிளை மாறுவது மரத்தின் சம்மதத்தோடுதான். ஆறு தடவையும் நாம் அனுப்பியது ஒரு ஆளை. ஆளுக்குக் கொடுத்ததை ஆள் எடுத்துக்கொண்டு போனார். அதில் துரோகம் எங்கே இருக்கிறது?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இந்தத் தேதியைப் பாருங்கள். கட்சி கரைந்த அதே 2002இல்தான் நாடாளுமன்றம் தொகுதி மறுவரையறைச் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். தமிழ்நாட்டுக்கு 39 என்ற எண்ணிக்கை மாறாது, எல்லைகள் மட்டும் மாறும் என்றார்கள். மாறின. 2009 தேர்தல் வந்தபோது ராசிபுரம், பழனி, சிவகாசி, திண்டிவனம் போன்ற பெயர்களோடு சேர்ந்து புதுக்கோட்டை என்கிற மக்களவைத் தொகுதியும் காணாமல் போயிருந்தது. 1962லும் 1967லும் கம்யூனிஸ்ட் உமாநாத்தை அனுப்பிய தொகுதி. கடைசி எம்.பி., 2004இல் ஜெயித்த தி.மு.க.வின் ரகுபதி. அவரும் முன்னாள் அ.தி.மு.க. அமைச்சர் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தம். மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளை நாலாகப் பிய்த்தார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு! விராலிமலைக்காரனுக்கும் அறந்தாங்கிக்காரனுக்கும் கலெக்டர் ஒருவர், எம்.பி. வேறு வேறு.

எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. உயிரோடு இருந்திருந்தால் தொகுதி தப்பித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மக்கள்தொகைக் கணக்கை ஒரு குட்டிக் கட்சி மாற்றிவிட முடியாது. ஆனால் ஆணையத்தோடு உட்கார ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்கள் உண்டு. வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லக் கூட்டம் உண்டு. அங்கேயெல்லாம் ஒரு மாவட்டத்துக்காகவே வாய் திறக்கிற அமைப்பு எங்களிடம் ஒன்று உருவாகி வந்தது. 2001இல் அது தன்னை நிரூபித்தும் காட்டியது. ஏழெட்டு வருஷம் கழித்துத் தேவைப்பட்டபோது அது வேறு ஒருவருடைய சட்டைப்பையில் போய்விட்டிருந்தது. பிறகு வந்தது, 49-ஓ போடுங்கள் என்று வீதியில் நோட்டீஸ் கொடுக்கிற கோபம். வரைபடம் அச்சாகிய பிறகு.

“ஒரு எம்.பி. கட்சியா இருந்தாலும் மத்திய அமைச்சர் பதவி வாங்கினாருல்ல, ஊருக்குப் பெருமைதானே” என்று இதற்கு ஒரு பதில் வரும். வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் சொன்னதுதான். பேரம் பேசும் சக்தி என்பதை நான் மதிக்கிறேன், அது அரசியலில் நியாயமான சக்தி. ஆனால் பேரம் முடிந்ததும் பொருள் யார் வீட்டுக்குப் போனது என்று பார்க்க வேண்டாமா? ஊரின் பெயரால் பேசி வாங்கியது, ஊர் கேட்டால் திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் பெருமை இல்லை.

அமைப்பு என்றால் எங்கள் மாவட்டத்துக்கு வராது என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பனுக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தார்கள். வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று பரவியது. யார் தலைவர் என்று கேட்டு டிவிக்காரர்கள் அலைந்தார்கள். ஊர்க் கூட்டம் கூடி, பேசி, சண்டை போட்டு, முடிவெடுத்தார்கள். எழுந்து போவதா வேண்டாமா என்பதைக்கூடக் கூட்டத்தில் கேட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி வட்டாரங்கள் அதில் இருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் தேர்தல் நாளில் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்தான். தங்களைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்சி என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

இந்த மறதியைச் சொல்லும்போது என் வயதுக்காரர்கள் ‘பழைய தலைமுறை’ என்று நழுவுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். புதிதாக ஒரு கட்சி வந்ததும் ஆன்லைனில் உறுப்பினர் அட்டை டவுன்லோடு செய்து ஸ்டேட்டஸ் வைத்த நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு எந்த முடிவில் ஓட்டுப் போட முடியும் என்று ஒருவனிடம் கேட்டேன். “ப்ரோ, அதெல்லாம் தலைமை பாத்துக்கும்” என்றான். என் சித்தப்பா எட்டாவதோடு நின்றவர். இவன் எம்.டெக்.

அப்பாவும் சித்தப்பாவும் 2004இல், தாத்தா இறந்த வீட்டில், பேசிக்கொண்டார்கள். யாரும் சமாதானம் செய்து வைக்கவில்லை. பாடை கட்டக் கயிறு பற்றாமல் போய், “அங்கிட்டு இருக்கு பாரு” என்று அப்பா சொன்னார், அவ்வளவுதான். 2021இல் அறந்தாங்கியில் திருநாவுக்கரசரின் மகன் ராமச்சந்திரன் கை சின்னத்தில் ஜெயித்தபோது சித்தப்பா மறுபடி வெடி போட்டார். இந்தத் தடவை அப்பா கதவைத் திறந்து, “பேரு மட்டும் எம்.ஜி.ஆர். பேரு” என்று சொல்லிவிட்டு லட்டு எடுத்துக்கொண்டார்.

2024 ஏப்ரலில் ராமநாதபுரம் தொகுதியில், அதாவது எங்கள் தொகுதியில், ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். சின்னம் பலாப்பழம். அவரைக் குழப்ப அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள். வாக்குப்பதிவு அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

“பலாப்பழத்துக்குப் போட்டேன்டா.”

“கைக்காரங்க கூட்டணியில ஏணி நிக்குதே சித்தப்பா. உங்க ஆளு கட்சி.”

“இருக்கட்டும். இவரு பாவம், கட்சியில இருந்து விரட்டிட்டாங்க. வேன்ல தலைவர் பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே கேட்டார்.

“தனிக் கட்சி ஆரம்பிப்பாருன்னு சொல்றாங்களே. உங்க மெட்ராஸ் பக்கம் என்ன பேசிக்கிறாங்க?”